பொட்டு வைத்த ஃபில்டர்

மதுரையில் நாங்கள் குடியிருந்த வீடுகளில் எதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆனாலும் எது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பல்பு குடியிருப்பவருடையது, அதை மாட்டும் ஹோல்டர் வீட்டுக்காரருடையது. மின்விசிறி நம்முடையது, அது தொங்கும் கொக்கி அவருடையது. காலி செய்கிறவர் பல்புகளைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். புதிதாக வருகிறவர் பால் காய்ச்சிய கையோடு ஸ்டூல் தேடுவார். குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்குள் இருக்கும் வாஷர் மட்டும் தகராறுக்குரியது. சொட்டுச் சத்தத்தை யாரால் முதலில் பொறுக்க முடியவில்லையோ அவர் அதை மாற்றிவிடுவார்.

இந்தப் பாகப்பிரிவினையில் தண்ணீர் ஃபில்டர் சேரவில்லை. காரணம் எளிது. வாடகை வீட்டில் ஃபில்டர் வைத்துத் தருகிற வீட்டுக்காரரை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில், மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி வீடு. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் இளவயதில் தறியில் உட்கார்ந்தவர், பிறகு ஜவுளிக்கடை வைத்தார், இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். எங்களோடு தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில். எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே பேச வேண்டியிருந்தாலும் அந்த மொழிதான். ரகசியம் என்று சொல்ல முடியாது. ‘டீச்சர்’, ‘வாடகை’, ‘மோட்டார்’ ஆகிய சொற்கள் அப்படியே காதில் விழும். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

ஃபில்டரை பம்பாயிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். எவர்சில்வரில் இரண்டடுக்கு. மேலடுக்கில் வெள்ளை வெளேரென்று மெழுகுவர்த்தி போல ஒன்று நிற்கும். அதற்குப் பெயரே கேண்டில். மேலே ஊற்றும் தண்ணீர் அதற்குள் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் இறங்கும். தாகம் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு உகந்த கருவி. வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. அதை மாடிக்கு ஏற்றிவிட்டு, வாசலில் தொங்கவிட்ட பலகையில் ‘மாடி வீடு வாடகைக்கு’ என்பதற்குக் கீழே ‘ஃபில்டர் வசதி உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்த வரி இல்லாவிட்டாலும் நாங்கள் வந்திருப்போம். நான் பத்திரிகையில் உதவி ஆசிரியர், இரவு வேலை. “நடுச்சாமத்துல கேட்டைத் திறக்கிற ஆளுக்கு வீடு இல்லீங்க” என்று ஊரில் பல தெருக்களில் சொல்லிவிட்டார்கள். என் மனைவி கீழக்குயில்குடியில் பள்ளிக்கூட டீச்சர். இந்த வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். கல்யாணமானதிலிருந்து நாங்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தோம். இங்கே சாமான் இறக்கிய அன்று அவள் கிரைண்டரைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு, “இதுக்கு மேல இதத் தூக்கச் சொன்னீங்க, நான் வர மாட்டேன். நீங்களும் கிரைண்டரும் போங்க” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளில் போர் தண்ணீர், உப்பு. கேண்டில் சீக்கிரமே பழுப்பேறியது. சொட்டு இன்னும் மெதுவானது. என் மனைவி கீழே போய் யோசனை கேட்டாள். வீட்டுக்காரம்மா பித்தளை விளக்கைக் கண்ணாடியாக்கி வைத்திருப்பவர். “தேங்கா நாரு போட்டு அழுத்தித் தேய்ங்க டீச்சர். அப்பத்தான் வெளுக்கும்” என்றார். இவள் அழுத்தித் தேய்த்தாள். வெளுத்தது. வாராவாரம் தேய்த்தாள். வாராவாரம் வெளுத்தது. எழுதித் தேய்ந்த சாக்பீஸ் போலக் கேண்டில் வாராவாரம் மெலிந்தும் வந்தது. அதை இருவருமே வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ஃபில்டர் திடீரென்று வேகம் பிடித்தது. மேலே ஊற்றிய தண்ணீர் சற்றைக்கெல்லாம் கீழே நிறைந்தது.

“பாத்தீங்களா? நாரு மகிமை” என்றாள்.

எனக்கு எந்த நல்ல செய்தியையும் இரண்டாவது முறை படித்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. கீழடுக்கைக் கவிழ்த்தேன். அடியில் மெல்லிய செம்மண் படலம். கேண்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இடுப்பில் முடி போல ஒரு விரிசல். தண்ணீர் வடிகட்டப்படாமல், சுற்றுலாப் பயணியைப் போல ஃபில்டரைப் பார்த்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கேண்டிலைத் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரிசலைப் பார்த்தார். துணி வியாபாரி இழை பார்க்கிற பார்வை.

“ஆமா தம்பி, போயிருச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்ருங்க.”

“யாரு சார்?”

“நீங்கதான்.”

“ஃபில்டர் உங்களோடதாச்சே சார்.”

“ஃபில்டர் எங்களோடதுதான். யாரு இல்லேன்னா? கேண்டில் வேற கணக்கு.” அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். “தறி இருக்கு. தறியில கட்டை ஒடஞ்சா தறிக்குச் சொந்தக்காரன் பாக்கணும். இழை அறுந்தா? நெய்யிறவன்தான் முடியணும். ஒவ்வொரு இழைக்கும் முதலாளி ஓடி வருவாரா? கேண்டில் இழை தம்பி.”

“இழை அறுந்தா முடியலாம் சார். நூலே தீந்துபோனா யாரு குடுக்கணும்?”

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் அடுப்படியிலிருந்தே நீளமாகப் பதில் சொன்னார். ‘நூல்’ என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ‘டீச்சர்’ என்று இரண்டு தடவையும் ‘தேங்கா நாரு’ என்று ஒரு தடவையும் கேட்டது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் வீட்டுக்காரர்.

கேண்டில் அப்படியொன்றும் விலையுயர்ந்த பொருளல்ல. இருவர் சினிமாவுக்குப் போய் இடைவேளையில் எதுவும் தின்னாமல் திரும்பினால் ஆகிற செலவு. அதனால்தான் விவகாரம் முற்றியது. பெரிய தொகையாக இருந்தால் பாதிக்குப் பாதி என்று அன்றே முடித்திருப்போம். சின்னத் தொகை என்பதால் கொள்கை உள்ளே நுழைந்துவிட்டது. “இன்னிக்குக் கேண்டில்னு குடுத்தா நாளைக்கு மோட்டாரும் நெய்யிறவன்தான் பாக்கணும்பாரு” என்றாள் என் மனைவி. மாடியில் வெந்நீர் போட்டுக் குடித்தோம். விரிசல் விழுந்த கேண்டிலை அப்படியே ஃபில்டருக்குள் திரும்ப நிறுத்தி வைத்தோம், சாட்சிப் பொருளாக. வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “யோசிச்சுக்கிட்டே இருக்கேன் தம்பி” என்பார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

அன்று மதுரையில் சந்தனப் பொட்டுக்குத் தப்பிய இயந்திரம் எதுவும் இருக்காது. ரிக்‌ஷாவுக்கு உண்டு, கால்குலேட்டருக்கும் உண்டு. எங்கள் ஆபீஸில் அச்சு இயந்திரத்துக்கு மாலை போட்டு, அதை ஓட்ட வேண்டிய நேரத்தில் மாலையை யார் கழற்றுவது என்று தயங்கி நிற்பார்கள். வீட்டுக்காரர் அன்று காலை குளித்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு தன் சொத்தை ஒரு சுற்று வருவார். கேட், மோட்டார், மீட்டர் பெட்டி, தண்ணீர்த் தொட்டி மூடி, பிறகு மாடிக்கு ஏறி எங்கள் வீட்டு நிலைக்கதவு, சுவிட்ச் போர்டு, குழாய். எங்கள் சைக்கிளையும் டிவியையும் கிரைண்டரையும் தொட மாட்டார். அவை எங்களுடையவை. அவற்றுக்கு நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். யார் பொட்டு எங்கே முடிகிறது என்பதில் சர்வேயர் தோற்றுப்போவார்.

அந்த வருடமும் வந்தார். நிலைக்கதவுக்கு வைத்தார். சுவிட்ச் போர்டுக்கு வைத்தார். சமையலறையில் குழாய்க்கு வைத்தார். ஃபில்டர் பக்கம் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

ஃபில்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை. நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். என் மனைவி விடிந்ததும் கிரைண்டரில் தொடங்கி, கைக்கு எட்டிய எவர்சில்வர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே போனதில் ஃபில்டருக்கும் வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

“டீச்சர் வச்சாச்சா? ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டு, மிச்சச் சந்தனத்தோடு இறங்கிப் போனார். யோசனை முடிந்துவிட்டது என்று அவர் படியிறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

விஜயதசமி அன்று சுண்டல் கொடுக்க இவள் கீழே போனாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் கேட்டார்: “கேண்டில் எப்ப டீச்சர் மாத்துறீங்க?”

“அது நீங்கள்ல மாத்தணும்?”

“பொட்டு வச்சது யாரு?”

“நல்ல நாளாச்சே, சும்மா நிக்கிதேன்னு ஒரு மரியாதைக்கு வச்சேன் சார்.”

“மரியாதைக்குன்னா எங்க மோட்டாரும் சும்மாதான நிக்கிது. அதுக்கு வச்சீங்களா? மீட்டர் பொட்டிக்கு வச்சீங்களா?”

நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள் அவள். அன்று தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறி வந்ததை நான் பார்த்தேன். வந்ததும் கையில் ஈரத்துணியை எடுத்தாள். ஃபில்டர் முன்னால் போய் நின்றாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டாள். பூஜையன்று வைத்த பொட்டைத் தன் கையால் அழிக்க எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. அது வீட்டுக்காரருக்கும் தெரியும்.

மறுநாள் இந்த வழக்கை ஆபீஸில் கோர்ட் செய்தி எழுதுகிற நண்பனிடம் எடுத்துப் போனேன். அவனுக்குச் சொந்த வீடு கோரிப்பாளையத்தில், தர்காவை ஒட்டி. அங்கே ஒரு டீக்கடையில் நின்று முழுவதையும் கேட்டான். டீ ஆறிப்போகும் அளவுக்குச் சிரித்தான்.

“மாப்ள, அனுபவ பாத்தியதைன்னு ஒண்ணு இருக்கு. பொருள வச்சு அனுபவிக்கிறது நீ, அதுக்குச் சடங்கு பண்றது உன் வீட்ல. எந்த ஜட்ஜா இருந்தாலும் உனக்கு எதிராத்தான் எழுதுவாரு.”

“பொட்ட அழிச்சிட்டா?”

“தடயத்த அழிச்ச கேசு தனியா வரும்.”

“அப்ப என்னதான் செய்ய?”

“வாங்கிப் போட்டுட்டுப் போயேன். எங்க அத்தாவுக்கும் வாடகை வீடு இருக்கு. அவரு ஃபில்டரும் வைக்கிறதில்ல, பொட்டும் வைக்கிறதில்ல. நிம்மதியா இருக்காரு.”

நான் வாங்கவில்லை. தீர்ப்பு பாதகமாக வரும் என்று தெரிந்த பிறகு வாய்தா வாங்குவது கோர்ட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் வாய்தாவுக்குச் சம்மதிக்கவில்லை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரர் பரணிலிருந்து பழைய பலகையை இறக்கினார். மங்கிப்போன எழுத்துக்களின் மேல் சிவப்புப் பெயின்ட் ஓட்டினார். ‘மாடி வீடு வாடகைக்கு. ஃபில்டர் வசதி உண்டு.’ எழுதி முடித்து வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்.

“என்ன சார் இது?” என்றேன்.

“சும்மா தம்பி. எழுத்து அழிஞ்சு கெடந்துச்சு. காய வச்சிருக்கேன், அம்புட்டுத்தான்.”

எங்களைக் காலி செய்யச் சொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. நாங்கள் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. பார்த்தோம். என் மனைவி அன்று சிறப்பு வகுப்பு முடிந்து வந்தாள். பலகையைப் படித்தாள். மேலே வந்து பையை வைத்தவள் முகம் கழுவக்கூடப் போகவில்லை. கிரைண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“நாளைக்குக் கடை திறந்ததும் போய்க் கேண்டில் வாங்கிட்டு வாங்க.”

“நீதான மோட்டார் வரைக்கும் வரும்னு…”

“வந்தா வரட்டும். இன்னொரு வீடு தேடி, அந்த வீட்டுக்காரன்கிட்ட உங்க வேலையப் பத்தி விளக்கஞ் சொல்லி… என்னால ஆகாது. கொள்கைய நீங்க ஆபீஸ்ல வச்சுக்கோங்க.”

நான் சரி என்றேன்.

மறுநாள் ஞாயிறு. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள், அவர் மனைவி, மாமியார். கப்பலூரில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசராம். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்திருக்கிறார்கள்.

“அது சும்மா காய வச்சிருக்குங்க” என்றார் வீட்டுக்காரர்.

வந்தவர் ஒரு விரலால் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “காஞ்சிருச்சு சார்.”

இங்கேதான் வீட்டுக்காரர் தவறு செய்தார். வீடு காலியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்க ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவர். வாங்க மாட்டார் என்று தெரிந்தாலும், படியேறி வந்தவரைச் சரக்கை விரித்துக் காட்டாமல் அனுப்பியதில்லை. கை தானாக மாடிப்படியைக் காட்டிவிட்டது. “சும்மா பாக்கிறதுன்னா பாருங்க. ஆளு இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார். பின்னால் அவர் மனைவியும் பதறிக்கொண்டு ஏறினார்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். வாங்க என்றாள். வந்த மாமியார் அலமாரியைத் திறந்து பார்த்தார், கொக்கிகளை எண்ணினார், குழாயைத் திருகினார். மகள் நேராக ஃபில்டரிடம் போய் மூடியைத் தூக்கினாள்.

“என்னம்மா, கேண்டில் கீறிருக்கு?” என்றாள் தாயிடம். பிறகு பொதுவாகக் கேட்டாள்: “இத யாருங்க மாத்துவா?”

வீட்டுக்காரரின் நிலைமை எனக்கு விளங்கியது. குடியிருக்கிறவர் என்று சொன்னால் வந்த வாடிக்கை கலையும். வீட்டுக்காரர் என்று சொன்னால் நாங்கள் இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் மனைவியைப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் அவசரமாக ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கணவரைக் காப்பாற்ற முன்னால் வந்தார்.

“அது எங்க ஃபில்டரே இல்லம்மா. டீச்சரோடது. பொட்டு வச்சிருக்காங்க பாருங்க.”

“ஓ, அவங்களுதா?” மாமியார் பொட்டை அருகில் போய்ப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அந்த ஆதாரம் போதுமானதாக இருந்தது. “அப்ப காலி பண்றப்ப தூக்கிட்டுப் போயிருவாங்க.”

“அது…” என்றார் வீட்டுக்காரர்.

“பலகையில ஃபில்டர் வசதின்னு போட்டிருக்கீங்களே சார்?” என்றார் கப்பலூர்க்காரர். “எங்களுக்குப் புதுசா வாங்கி வைப்பீங்களா?”

“புதுசா?”

“கேண்டிலோட” என்றாள் அவர் மனைவி.

“இல்லாட்டி வாடகையக் குறைங்க. ஃபில்டரும் இல்லாம, கரண்டும் தனி, இதுக்கு இம்புட்டு வாடகையா?” என்றார் மாமியார். யாரும் அவரிடம் இன்னும் வாடகையைச் சொல்லியிருக்கவில்லை.

அவர்கள் இறங்கினார்கள். புது ஃபில்டர் வைத்ததும் சொல்லி அனுப்பும்படியும், அதுவரை வேறு யாருக்கும் விட்டுவிட வேண்டாம் என்றும் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு மறுபடியும் மேலே வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஃபில்டரைப் பார்த்தபடி நின்றார். தன் பொட்டுக் கணக்காலும் தன் மனைவி வாயாலும், மூன்று அந்நியர் முன்னிலையில், பம்பாய் மகள் வாங்கிக் கொடுத்த பொருளைத் தானம் செய்துவிட்டு நிற்கிறோம் என்பது அவருக்கு மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் போனால் ஃபில்டரும் போகும். நாங்கள் இருந்தால்தான் அந்த வீட்டில் ஃபில்டர் வசதி உண்டு.

இதை அவரைவிடச் சீக்கிரமாக என் மனைவி கணக்குப் போட்டிருந்தாள்.

“சார், எங்க ஃபில்டருக்கு நாங்க கேண்டில் மாத்திக்கிறதுதான நியாயம்? இவுக இப்பவே போய் வாங்கிட்டு வந்துருவாக.”

“ஆமா… வாங்கிக்கோங்க” என்றார் வீட்டுக்காரர். தான் இத்தனை நாள் கேட்டது இதைத்தான் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் முகத்தில் ஜெயித்தவரின் களை இல்லை.

வீட்டுக்காரம்மா மட்டும் கிளம்பாமல் நின்றார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, தணிந்த குரலில் கேட்டார்: “டீச்சர், என்னமோ வாய் தவறிச் சொல்லிட்டேன். போறப்ப அத இங்கனயே வச்சுட்டுப் போயிருவீங்கள்ல?”

“போனாத்தானம்மா” என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் சிறிது யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். படியில் திரும்பிக் கணவரிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அதில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நான் கடைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, வீட்டுக்காரர் பலகையை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.